சிங்கமுகப் பிடியும் வளைந்த வாளும்

பதுளையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் புகையிரதம் தெமோதரையைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது மெல்ல ஊர்ந்து, எல்ல நிலையத்தில் வந்து நிற்கும். எல்ல என்ற சிங்களச் சொல்லுக்கு அருவி என்பது பொருள். ஊருக்குத் தெற்கே மலைகள் இரண்டாகப் பிளந்து வழிவிட, அந்த இடைவெளியூடே வெல்லவாயச் சமவெளி நீலமாய்த் தெரியும். இருபுறமும் தேயிலை. தேயிலைக்கு நடுவே உயர்ந்த புகைபோக்கியும் தகரக் கூரையும் கொண்ட பழைய துரை பங்களாக்கள். இத்தகைய பங்களா ஒன்றின் சுவரில், மான் கொம்புக்கும் மங்கிய நிழற்படத்துக்கும் இடையே, வளைந்த வாளொன்று தொங்குவதாக வைத்துக்கொள்வோம். இரும்பு உறை, கைவிரல்களைக் காக்கும் ஒற்றை வளைவு, ஏறக்குறைய மூன்றடி நீளம். இது எவ்வூர் வாள்? எவர் இடையில் இருந்தது? எப்படி இம்மலைக்கு ஏறிற்று?

ஊவாவில் இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கு அன்று. இம்மாகாணத்தில் ஐரோப்பிய வாளுக்கும் மக்களின் குருதிக்கும் நெடுநாட் தொடர்பு உண்டு. ஆகவே, பழைய வாளொன்று கண்ணிற் பட்டதும் ஒரு கதை பிறந்துவிடுகிறது. கெப்பெட்டிப்பொல திசாவையின் காலத்தில் வெள்ளையனிடமிருந்து பறித்த வாள் என்பார் ஒருவர். போர்த்துக்கேயத் தளபதியின் வாள் என்பார் மற்றொருவர். குதிரைப் படையொன்று இவ்வழியே போனது என்பார் மூன்றாமவர். கதை சொல்பவர் பொய் சொல்லுவதில்லை; கேட்டதைச் சொல்லுகிறார். ஆனால் வாளுக்கும் ஒரு வாய் உண்டு. அதைக் கேட்க அறிந்தவர்களுக்கு அது வேறு கதை சொல்லும்.

முதலில் போர்த்துக்கேயர் கதையை எடுத்துக்கொள்வோம். 1630ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கப்டன் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு த சா பெரும் படையுடன் ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கத்தில் றந்தெனிவெல என்னுமிடத்தில், அவருடைய படையிலிருந்த உள்நாட்டு லஸ்கரின் வீரர்களும் அவர்தம் முதலிகளும் கண்டியரசன் பக்கம் சேர்ந்தனர். தளபதி களத்திலேயே வீழ்ந்தார். அன்று அங்கே பல வாள்கள் கைமாறின என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்காலத்துப் போர்த்துக்கேயர் பெரிதும் ஏந்தியவை நீண்டு நேராய் ஒடுங்கிய வாள்கள், குத்துதற்குரியவை. அகன்று வளைந்து, வெட்டுதற்கென்றே அமைந்த குதிரைப்படை வாள் ஐரோப்பாவின் படைகளில் பரவலானது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஹங்கேரிய ஹுசார் வீரர்களின் ஆயுதத்தைப் பிறர் பின்பற்றிய பின்னரே. ஆகவே சுவரில் தொங்கும் வளைந்த வாள் றந்தெனிவெலவைப் பார்த்திருக்க முடியாது. ஒரு கதை கழிந்தது.

அடுத்தது 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி. 1817 செப்டெம்பரில் பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் வெல்லஸ்ஸப் பகுதியில் அம்புக்கு இரையானார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொலவே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். சேருமுன் அரசாங்கம் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பினார் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு போன தலைவர் அல்லர். பிறர் ஆயுதத்தைக் கையிற் கொண்டு அவரையே எதிர்ப்பது தகாது என்று எண்ணிய தலைவர். சுவரிலுள்ள வாளை அவரோடு சேர்த்துச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகின்றனர். 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. அவருடைய மண்டையோட்டை இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டு சென்றார். அது நாடு திரும்பி, 1954ஆம் ஆண்டில் கண்டியில் நினைவுத் தூணின்கீழ் வைக்கப்பட்டது.

அக்கிளர்ச்சியை எதிர்த்து ஊவாவில் போரிட்டது பெரும்பாலும் காலாட்படை. பரணகமப் பக்கத்தில் மக்டொனால்ட் கோட்டை என்று பெயர் பெற்ற இடம், பிரித்தானிய 19ஆம் காலாட்படையின் மேஜர் ஒருவர் கெப்பெட்டிப்பொலவின் படையை எதிர்த்து நின்ற இடமாகும். அட்டையும் மூங்கிற் புதரும் செங்குத்துச் சரிவும் நிறைந்த இம்மலைகளில் குதிரைகள் அணிவகுத்துப் பாய இடம் ஏது? வாள் குதிரைப்படை வாளாகவே இருந்தால், அது இங்கே போரிட வந்தது என்பதைவிட வேறு வழியாக வந்தது என்பதே பொருந்தும். போரிட வந்தது என்றால், அது குதிரைப்படை வாளாக இல்லாதிருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வளைந்திருப்பதெல்லாம் குதிரைப்படை வாள் அன்று. 1803ஆம் ஆண்டில் பிரித்தானியக் காலாட்படையின் சில அதிகாரிகளுக்கும் வளைந்த வாளே வகுக்கப்பட்டது. அதன் கைக்காப்பில் மன்னர் ஜோர்ஜின் பெயரெழுத்துக்கள் துளைவேலையாக அமைந்திருக்கும். பிடியின் உச்சியில் ஒரு சிங்கத்தலை. அதன் பிடரிமயிர் பிடியின் முதுகு வழியே இறங்கி வரும். ஊவாவில் இத்தகைய வாளொன்று அகப்பட்டால், சிங்கத்தலையைக் கண்ட மாத்திரத்தே, இது கண்டியரசனுடைய வாள் என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! கண்டிப் பிரதானிகள் அணிந்த கஸ்தானை என்னும் வாளின் பிடியும் சிங்கமுகந்தானே.

ஆயின் இரண்டு சிங்கங்களும் வேறு. கஸ்தானையின் சிங்கம் வாய் பிளந்து, பல் காட்டி, நா நீட்டி நிற்கும். சிலவற்றில் கண்களில் மணிகள் பதித்திருக்கும். கைக்காப்பின் முனைகளிலும் சிறு மகர முகங்கள் தலை நீட்டும். கோயிற் சிற்பத்தில் யாளியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிங்கம் உறவுக்காரன். இங்கிலாந்துச் சிங்கமோ வாய் மூடி, பிடரி வாரி, அரசாங்க முத்திரையிலிருந்து இறங்கி வந்தது போல அமைதியாக இருக்கும். நீளத்திலும் வேறுபாடு உண்டு. கஸ்தானை குறுகியது, பெருமைக்கும் பதவிக்கும் அடையாளமானது. பிரித்தானியர் ஆட்சியிலும் முதலியார்கள் அதை அணிந்து வந்தனர்.

அப்படியானால் கஸ்தானை முழுவதும் இந்நாட்டு வேலையா? பிடி இந்நாட்டுக் கம்மாளர் வேலை. அலகோ, பல கஸ்தானைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் எழுத்துப் பின்னல் பொறித்த அலகுகள் சிங்கமுகப் பிடிகளில் பொருந்தியிருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டிலும் இதே செய்திதான். தஞ்சைப் படைக்கலச் சாலையிலிருந்து சென்னை நூதனசாலைக்கு வந்த ஆயுதங்களிடையே ஐரோப்பிய அலகுக்கு இந்தியப் பிடி பூட்டியவை இருக்கின்றன. வடநாட்டில் இவ்வகை வாளுக்கு ஃபிரங்கி என்றே பெயர். நம் பரங்கி என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. பரங்கியரின் அலகுக்கு இங்கே மதிப்பு. அவர்களுடைய பிடிக்கு மதிப்பில்லை. கைக்குப் பொருந்துவது அவரவர் பிடிதான் போலும்.

ஆகையால் வாளை ஆராய்பவர் முதலில் பிடியையும் அலகையும் பிரித்து எண்ண வேண்டும். அலகின் வால் பிடியினூடே சென்று உச்சியில் சுத்தியலால் தட்டி மடக்கப்பட்டிருக்கும். அந்த மடக்கு பழமையான கறையுடன் அசையாதிருந்தால் இரண்டும் தொடக்கத்திலிருந்தே கூடி வாழ்ந்தவை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அரத்தின் தடமோ புதிய அடியோ தெரிந்தால் எங்கோ ஒரு மறுமணம் நடந்திருக்கிறது.

இம்மறுமணத்துக்கு நல்ல சான்று ஒன்றை லூயிஸ் நோலன் என்ற குதிரைப்படை அதிகாரி எழுதிவைத்தார். அவர் சென்னைப் பகுதியில் பணியாற்றியவர். 1853ஆம் ஆண்டில் குதிரைப்படையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, மறு ஆண்டு கிரைமியப் போரில் மாண்டவர். ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரே வீச்சில் கையையும் தலையையும் துணிக்கிறார்கள் என்று கேள்வியுற்ற நோலன், அத்தகைய அற்புத வாள் எங்கே வார்க்கப்படுகிறதென்று அறிய விரும்பினார். போய்ப் பார்த்தால், அவை பிரித்தானியப் படை பழையன என்று கழித்துவிட்ட வாள்கள்! இந்தியர் அவற்றுக்குத் தம் பிடியைப் பூட்டி, கூர் தீட்டி, மர உறையில் வைத்திருந்தனர். இரும்பு உறையில் கிடந்து ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் மழுங்கிய அதே வாள், மர உறைக்குள் சவரக் கத்தி போல இருந்தது. குறை இரும்பில் இல்லை, உறையில் இருந்தது.

இனி, சுவரில் தொங்கும் நம் வாளுக்கு வருவோம். ஒற்றை வளைவுக் கைக்காப்பு, அகன்ற அலகு, இருபக்கமும் ஒவ்வொரு நீண்ட பள்ளம், நுனியை நெருங்க நெருங்க அகலும் வடிவம் ஆகிய இவை 1796ஆம் ஆண்டின் பிரித்தானிய இலகு குதிரைப்படை வாளின் அங்க அடையாளங்கள். கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியதும் அதே 1796இல் என்பது ஒரு தற்செயல். இவ்வாளை அமைத்தவர் ஜோன் காஸ்பர் லெ மார்ஷான் என்னும் அதிகாரி. ஃபிளாண்டர்ஸ் போரில் தம் வீரர்கள் வாள்வீச அறியாமல் தம்மையும் தம் குதிரைகளையும் காயப்படுத்திக்கொள்வதைப் பார்த்து வருந்திய அவர், பர்மிங்ஹாம் நகரத்து வாட்கொல்லர் ஹென்றி ஒஸ்போர்னுடன் சேர்ந்து இதை உருவாக்கினார்; வாள்வீச்சுப் பயிற்சிக்கும் ஒரு முறை வகுத்தார். பின்னர் 1812இல் ஸ்பெயினில் சலமங்கா என்ற போர்க்களத்தில் குதிரைப்படையை நடத்திச் சென்று உயிர்துறந்தார்.

அலகிலுள்ள பள்ளத்தை இரத்தம் வடியும் வாய்க்கால் என்று சொல்லுவார் பலர். அது கட்டுக்கதை. பள்ளம், வலிமை குன்றாமல் எடையைக் குறைப்பதற்கானது. புகையிரதத் தண்டவாளத்தின் இடை ஒடுங்கியிருப்பது போன்ற தந்திரமே இது.

வடிவம் பொருந்திவிட்டது, எனவே இங்கிலாந்து வாள் என்று முடித்துவிடலாமா? கூடாது. 1811ஆம் ஆண்டில் பிரஷ்ய நாடு இதே வடிவத்தைப் பின்பற்றித் தன் குதிரைப்படைக்கு வாள் செய்தது. புளூஹர் வாள் என்று பிற்காலத்தார் அதற்குப் பெயரிட்டனர். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கையிலெடுத்தால் பிரஷ்ய வாளின் காப்பு சற்றுத் தடித்தும் கனத்தும் இருக்கும். அதில் படைப்பிரிவின் எழுத்துக்களும் இலக்கங்களும் வெட்டப்பட்டிருக்கும். போதாதற்கு, இந்தியக் குதிரைப்படைகள் இவ்வடிவத்தை விட மனமில்லாமல் இருந்தமையால், இங்கிலாந்தில் அது வழக்கொழிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் பர்மிங்ஹாமின் மோல் முதலிய தொழிற்சாலைகள் இந்தியாவுக்கென்று அதைச் செய்து அனுப்பின. வடிவம் 1796, வாள் 1880ஆகவும் இருக்கக்கூடும். அம்புக்குறியும் இந்தியப் பண்டகசாலையைக் குறிக்கும் ஐ, எஸ், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களும் அலகில் இருந்தால், அது இந்தியாவுக்கென அனுப்பப்பட்ட வாள், நெப்போலியன் காலத்ததன்று.

பிரெஞ்சு வாளானால் வேலை எளிது. பிரெஞ்சுக்காரர் எழுதிவைப்பதில் வல்லவர். அவர்களுடைய அரசாங்க வாள்களின் முதுகில், பிடிக்கு அருகே, தொழிற்சாலையின் பெயரும் மாதமும் ஆண்டும் சாய்வெழுத்தில் பொறித்திருக்கும்: முற்காலத்தில் அல்சேஸ் நாட்டுக் கிளிங்கென்தால், பிற்காலத்தில் ஷாத்தெல்றோ. அவர்களுடைய இலகு குதிரைப்படை வாளின் பித்தளைக் காப்பும் ஒற்றை வளைவாயிராமல் மூன்று கிளையாகப் பிரிந்திருக்கும்.

பிரித்தானிய வாளின் முதுகிலும் செய்தவர் பெயர் இருப்பதுண்டு. ஒஸ்போர்ன், கில், வுலி என்பன 1796 வாள்களில் காணும் பெயர்கள். முடியுடன் கூடிய சிறு இலக்கம் இருந்தால் அது அரசாங்கப் பரிசோதகரின் முத்திரை. ஆனால் முத்திரையை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜேர்மனியின் சோலிங்கன் நகரம் பல நூற்றாண்டுகளாக உலகுக்கெல்லாம் அலகு விற்ற ஊர். ஓடும் ஓநாயின் உருவம் அந்நகரத்தாரின் புகழ்பெற்ற குறி. அதுவோ அவர்கள் சொந்தக் குறி அன்று. பஸ்ஸாவு என்ற ஊரின் குறியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பின்பு அவர்கள் குறியைப் பிறர் எடுத்துக்கொண்டனர். ஸ்பெயினின் தொலேதோ என்ற பெயரும், அந்திரேயா ஃபெராரா என்ற இத்தாலியப் பெயரும் அவ்வாறே சோலிங்கன் அலகுகளில் தாராளமாகப் பொறிக்கப்பட்டன. இத்தாலிய அலகுகளில் காணும் பல்வைத்த பிறைக்குறியை இந்தியக் கொல்லரும் தம் அலகில் வெட்டினர். பெயர் பொறித்திருக்கிறது என்பதனால் மட்டும் ஊரைச் சொல்லிவிட முடியாது.

முத்திரைகளுள் மிகவும் பேசும் முத்திரை லண்டன் வில்கின்சன் கும்பனியின் இலக்கம். 1854ஆம் ஆண்டு முதல் அக்கும்பனி தன் சிறந்த வாள்களின் முதுகில் வரிசை இலக்கம் பொறித்து, அதைப் பேரேட்டில் பதிந்து வந்தது. இலக்கம் தெரிந்தால் செய்த ஆண்டு தெரியும். பல வேளைகளில் வாங்கிய அதிகாரியின் பெயரும் தெரிந்துவிடும். ஊவா மலையில் பெயரற்றுக் கிடக்கும் வாளொன்று ஐந்து இலக்கங்களால் மனிதனொருவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடக்கூடும்.

இனி எஞ்சுவது, இங்கே எப்படி வந்தது என்ற கேள்வி. ஊவாவில் காடு வெட்டிக் கோப்பி நட்டவர்களுள் படையதிகாரிகளும் இருந்தனர். சிலர் பதவியிலிருந்துகொண்டே நட்டனர். அவர்களுடைய வாள் பெட்டியோடு மலையேறியது. அதைச் சுமந்து ஏறியவன் இராமநாதபுரத்துக்காரனாகவோ திருச்சிராப்பள்ளிக்காரனாகவோ இருந்திருப்பான். அவனுடைய பெயரைப் பதிந்த பேரேடு லண்டனிலும் இல்லை, பதுளையிலும் இல்லை.

பதுளையில் புகழ்பெற்ற மேஜர் றோஜர்ஸ் ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்று பெயர் வாங்கிய இவர் 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாகவே பதுளை புனித மார்க் தேவாலயம் கட்டப்பட்டது. இது றோஜர்ஸின் வாள் என்று எவரேனும் குதிரைப்படை வாளைக் காட்டினால் நம்பத் தயங்க வேண்டும். அவர் இலங்கைத் துப்பாக்கிப் படையணியைச் சேர்ந்தவர். துப்பாக்கிப் படையணி அதிகாரிகளுக்கு 1827இல் வகுக்கப்பட்ட வாளின் காப்பில் முடியும், கயிற்றோடு கூடிய ஊதுகொம்பும் இருக்கும். முதலில் தேட வேண்டியது அந்தக் கொம்பை.

தோட்டத் துரைமார்களே குதிரையேறிய படை ஒன்றும் இருந்தது. 1892இல் தொடங்கிய இலங்கைக் குதிரையேறு காலாட்படை 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போருக்கும் ஆள் அனுப்பியது. ஆனால் பெயரே சொல்லுவது போல், அவர்கள் குதிரையில் சென்று இறங்கி நின்று சுடுபவர்கள். அவர்களுடைய முதல் ஆயுதம் துப்பாக்கி. எனவே இதிலிருந்தும் 1796 வாளுக்கு நேர்வழி கிடைப்பதில்லை. பாட்டனார் அணிந்தது, லண்டன் ஏலத்தில் அலங்காரத்துக்கென்று வாங்கியது, சென்னைப் பழம்பொருட் கடையில் வாங்கியது என்ற எளிய விடைகளே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, பங்களாச் சாமான்களோடு வாளும் அதன் வரலாறும் பிரிந்து போயிருக்கலாம். வாங்கியவருக்கு வாள் கிடைத்தது. கடிதக் கட்டு குப்பைக்குப் போயிற்று.

இவ்வளவையும் கண்டறிய வாள் உயிரோடு இருக்க வேண்டும். எல்லவின் மூடுபனி இரும்பைத் தின்னும். அதைவிடக் கொடியது உப்புத்தாள். வாளைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு ஒருவர் ஒரு பிற்பகல் முழுவதும் தேய்த்தால், பரிசோதகர் முடியும், ஓநாயும், வரிசை இலக்கமும், நீலம் பாய்ச்சிய பொன்வேலையும் ஒன்றாய் மறைந்துவிடும். பித்தளைக் காப்பையும் கிழமைதோறும் மினுக்கினால் அதிலுள்ள படைப்பிரிவு எழுத்துக்கள் தேய்ந்துபோம். மெல்லிய எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வைத்தாற் போதும். தோலுறையாக இருந்தால் வாளை அதனுள் வைத்திராமல் வெளியே வைப்பது நன்று. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஆண்டைச் சரியாகக் கணிப்பதில் சட்டத்துக்கும் அக்கறை இருந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இயற்றப்பட்டபோது, தொல்பொருள் எது என்பதற்கு 1815 மார்ச் 2ஆந் திகதியை, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கையளிக்கப்பட்ட நாளை, எல்லைக் கோடாக வைத்தது. ஒஸ்போர்ன் செய்த 1800ஆம் ஆண்டு வாளும், அதே வடிவில் மோல் செய்த 1880ஆம் ஆண்டு வாளும் சுவரில் ஒன்றாகத் தொங்கினாலும் அக்கோட்டுக்கு இருபுறமும் நின்றன.

ஒரு வாள் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி வன் எக் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் செல்லப்பட்ட பொருள்கள் பின்னர் ஆம்ஸ்டர்டாமின் றெய்க்ஸ் நூதனசாலையில் இருந்தன. லெவ்கே திசாவை அரசனுக்கு அளித்த அழகிய பீரங்கி, பொற்பிடியும் வெள்ளிப்பிடியும் கொண்ட இரு கஸ்தானைகள், ஒரு கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கிகள் என்ற இவ்வாறும் எவ்வழியாக அங்கே சென்றன என்பதை இருநாட்டு ஆய்வாளரும் பழைய பட்டியல்களைப் பார்த்து ஆராய்ந்தனர். 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அவை கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. எல்லவில் சுவரில் தொங்கும் வாளுக்கு அத்தகைய பட்டியல் ஏதும் இல்லை. முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பிடிக்கு இரண்டங்குலம் கீழே, எழுத்து இருந்தால் தெரியும்.